ஐந்தாவது வாரத்தில் திரும்பிவிடலாமா?

கேள்வி:

"டாக்டர், நான் குழந்தைகள் நல மருத்துவர், வயது 31. ஒரு தொண்டு அமைப்பின் மூலம் ஒன்பது மாதப் பணிக்காக வெளிநாட்டில் ஒரு மாவட்ட மருத்துவமனைக்கு வந்திருக்கிறேன். இது ஐந்தாவது வாரம். வருவதற்கு முன்பு இரண்டு வருடம் இதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவள் நான். வந்த முதல் பத்து நாள் எல்லாமே பிடித்திருந்தது. இப்போது காலையில் எழுந்திருக்கவே மனம் வரவில்லை.

போன வாரம் இரவு டியூட்டியில் மூச்சுத் திணறலோடு இரண்டு குழந்தைகள் வந்தார்கள். வேலை செய்கிற ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் ஒன்றுதான் இருந்தது. எட்டு மாதக் குழந்தைக்கு அதை வைத்தேன். மூன்று வயதுக் குழந்தை விடிவதற்குள் இறந்துவிட்டது. அறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் என்னோடு டியூட்டியில் இருந்த அந்த நர்ஸ் யாரிடமோ எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை. அதிலிருந்து அந்த நர்ஸோடு வேலையைத் தவிர வேறு பேச்சில்லை. நான் எது சொன்னாலும் 'பார்க்கலாம் டாக்டர்' என்பார், செய்ய மாட்டார். எனக்குத் தூக்கமில்லை, தூங்கினால் கெட்ட கனவு. ஞாயிற்றுக்கிழமை மலேரியா மாத்திரை போடுவதைக்கூட மறந்துவிடுகிறேன். வீட்டில் சொன்னால் 'கிளம்பி வந்துவிடு' என்கிறார்கள். என்னால் இங்கே யாருக்கு என்ன பயன்? திரும்பிவிடலாமா?"

(பெயரும் நாடும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்:

பெரிய கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் என் கண் முதலில் போய் நின்றது அந்த ஞாயிற்றுக்கிழமை மாத்திரையில். வாரம் ஒரு முறை போடுவது என்றால் அநேகமாக அது மெஃப்ளோகுவினாக இருக்கும். அட்டையைத் திருப்பிப் பாருங்கள். அதுதான் என்றால், தூக்கமின்மை, பயங்கரக் கனவு, காரணமில்லாத பதற்றம், மனச்சோர்வு எல்லாமே அதன் பக்கவிளைவுகள். மனத்தையும் நரம்பையும் பாதிக்கும் என்று மருந்தோடு வரும் குறிப்பிலேயே மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போட அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் உத்தரவிட்டது. உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் நமக்கு நாமே நோயாளியாக இருக்கும்போது நாம் படித்தது எதுவும் நினைவுக்கு வருவதில்லை.

நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மலேரியா கெட்ட கனவைவிட மோசமானது. அமைப்பின் மருத்துவ ஒருங்கிணைப்பாளரிடம் இன்றே சொல்லி மாத்திரையை மாற்றிக்கொள்ளுங்கள். தினமும் போடும் டாக்சிசைக்ளின் இருக்கிறது, அடோவாகுவோன்-புரோகுவானில் இருக்கிறது. முதலாவதை நிறையத் தண்ணீரோடு, படுக்கப் போகும் நேரத்தில் இல்லாமல், நிமிர்ந்து உட்கார்ந்து விழுங்க வேண்டும். வெயில் பட்டால் தோல் சிவக்கும். அந்த இடத்தை விட்டுக் கிளம்பிய பிறகும் 4 வாரம் தொடர வேண்டும். இரண்டாவதற்கு 7 நாள் போதும். மெஃப்ளோகுவின் உடம்பை விட்டுப் போக வாரக்கணக்கில் ஆகும், அதனால் மாற்றிய மறுநாளே நிம்மதியாகத் தூங்கிவிடலாம் என்று எதிர்பார்க்காதீர்கள்.

உங்கள் துக்கம் முழுக்க மாத்திரையால் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஒரு குழந்தை இறந்திருக்கிறது, அதற்கு மாத்திரை கிடையாது. ஆனால் சரியாகத் தூங்காத ஒருவர், திரும்புவதா இருப்பதா என்று இப்போது முடிவெடுக்கக் கூடாது. உங்கள் வார்டில் ஒரு பயிற்சி மருத்துவர் இந்த நிலையில் இருந்தால் அவரிடம் இதைத்தானே சொல்வீர்கள்?

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். திரும்ப வேண்டாம், இப்போதைக்கு.

'கல்ச்சர் ஷாக்' என்ற சொல்லை ஊரறியச் செய்தவர் கலெர்வோ ஓபர்க் என்ற மானிடவியலாளர். 1954இல் ரியோ டி ஜெனிரோவில் ஒரு பெண்கள் சங்கத்தில் அவர் பேசியதுதான் பின்னால் அச்சாகிப் பரவியது. வெளிநாட்டுக்குப் போனவருக்கு முதலில் எல்லாம் இனிக்கும், அப்புறம் கசக்கும், அந்தக் கசப்பு அந்த ஊர்க்காரர்கள் மேல் கோபமாகத் திரும்பும் என்றார். அதற்கு அவர் சொன்ன காரணம் எனக்குப் பிடிக்கும். பெரிய அதிர்ச்சி எதுவும் அங்கே நடப்பதில்லையாம். அன்றாடம் நம்மை வழிநடத்திக்கொண்டிருந்த சின்னச் சின்ன அடையாளங்கள் ஒரேயடியாகக் காணாமல் போகின்றன, அவ்வளவுதான்.

இதை ஒரு மருத்துவருக்குப் பொருத்திப் பாருங்கள். பழைய வார்டில் திரும்பிப் பார்க்காமலேயே, மானிட்டர் ஒலியின் சுருதி இறங்குவதை வைத்தே ஆக்சிஜன் அளவு குறைகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எந்த லேப் முடிவு எத்தனை மணிக்கு வரும், எந்த சீனியரை எப்போது எழுப்பலாம், எந்தத் தாய் மிகைப்படுத்துகிறாள், எந்தத் தாய் குறைத்துச் சொல்கிறாள், எல்லாம் தெரியும். இதையெல்லாம் சேர்த்துத்தான் 'நான் நல்ல டாக்டர்' என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இப்போது அந்த மானிட்டர் இல்லை, அந்த சீனியர் இல்லை, தாய் பேசுவது புரியவில்லை. கையில் மிச்சமிருப்பது படிப்பு மட்டும். நீங்கள் தவிப்பது அந்த நாட்டைப் பார்த்து அல்ல என்று நினைக்கிறேன். பத்து வருடம் கஷ்டப்பட்டுச் சேர்த்த கைப்பழக்கம் திடீரென்று காணாமல் போனதைப் பார்த்துத்தான். அது திரும்ப வரும், ஆனால் ஐந்து வாரத்தில் வராது.

இன்னொன்றையும் கவனித்தேன். உங்கள் கடிதத்தில் 'அந்த நர்ஸ்' இரண்டு முறை வருகிறார், பெயரோடு ஒரு முறைகூட இல்லை. நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் எழுதியிருப்பேன்.

2008. என் முதல் வெளிநாட்டுப் பணி. எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். கடும் காய்ச்சலோடு நான்கு வயதுப் பையன் ஒருவன் வந்தான். கை கால் சில்லிட்டிருந்தது, நாடி பறந்தது. படித்த பாடம் தானாகக் கைக்கு வந்தது: கிலோவுக்கு 20 மில்லி சலைன், வேகமாக. வார்டில் இருந்த மூத்த நர்ஸ் டிரிப்பின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் உருளை மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, "மெதுவாக விடலாமா டாக்டர்?" என்று கேட்டார். வேகமாக என்றேன். கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டார். மூன்றாவது முறை கேட்டபோது நான் அவர் விரலை நகர்த்திவிட்டு உருளையை நானே முழுசாகத் திறந்துவிட்டேன். பையன் மறுநாள் மதியம் இறந்தான். இவ்வளவு நோயாளிகளைப் பார்த்தும் இந்த அம்மாவுக்கு அவசரம் என்றால் என்னவென்று தெரியவில்லையே என்று அன்று இரவு நாட்குறிப்பில் எழுதினேன். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

மூன்று வருடம் கழித்து, 2011இல், 'ஃபீஸ்ட்' ஆய்வு வெளிவந்தது. கென்யா, உகாண்டா, தான்சானியாவில் கடும் காய்ச்சலும் ரத்த ஓட்டக் குறைவுமாக வந்த 3141 குழந்தைகளைப் பற்றியது. வந்ததும் வேகமாகத் திரவம் ஏற்றப்பட்ட குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் 100க்கு 10க்கு மேல். அப்படி ஏற்றாமல், அன்றாடத் தேவைக்கான திரவத்தை மட்டும் மெதுவாகக் கொடுத்த குழந்தைகளில் 7க்குச் சற்று மேல். அதாவது நாங்கள் உயிர் காக்கும் என்று செய்ததே உயிரைப் பறித்துக்கொண்டிருந்தது. (வயிற்றுப்போக்கில் நீர் வற்றிய குழந்தைகளை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அவர்கள் கணக்கு வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அதற்குப் பிறகு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி மாறியது. கை கால் சில்லிட்டிருப்பது, நகத்தை அழுத்தி விட்டால் ரத்தம் திரும்ப 3 விநாடிக்கு மேலாவது, நாடி பலவீனமாகவும் வேகமாகவும் இருப்பது, மூன்றும் சேர்ந்திருந்தால்தான் அதிர்ச்சி நிலை (உடம்புக்கு ரத்த ஓட்டம் போதாத 'ஷாக்') என்று இன்று சொல்கிறது.

அந்தப் பையன் என் சலைனால்தான் இறந்தான் என்று யாராலும் சொல்ல முடியாது. அவன் அப்படியும் இறந்திருக்கலாம். ஆனால் அந்தக் கட்டைவிரல் என் நினைவை விட்டுப் போகவில்லை. அவருக்கு எந்த ஆய்வும் தெரியாது. வேகமாக விட்டபோது என்ன ஆனது, மெதுவாக விட்டபோது என்ன ஆனது என்று இருபது வருடம் அதே வார்டில் நின்று பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். அதை நான் கேட்டுத் தெரிந்துகொள்ளும் அளவுக்கு எங்களுக்குள் பழக்கம் இல்லை. ஏனென்றால் நான் வந்து ஆறு வாரத்தில் அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்கவில்லை, கட்டளைகள்தான்.

நர்ஸ் சொல்வதெல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. காலாவதியான பழக்கங்கள் எல்லா வார்டிலும் உண்டு. ஆனால் 'பார்க்கலாம் டாக்டர்' என்பதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்த டாக்டரிடம் முகத்துக்கு நேராக 'முடியாது' என்று சொல்ல வழியில்லாதவர் சொல்லும் 'முடியாது' அது. அடுத்த முறை அந்தச் சொல் வந்தால் கோபப்படாமல் ஒன்று கேளுங்கள்: "இதைச் செய்தால் வேறு எந்த வேலை நின்றுபோகும்?" இரண்டு மணிக்கு ஒருமுறை வெப்பநிலை எடுக்கச் சொல்லியிருப்பீர்கள், இரவில் ஒரே நர்ஸ், ஐம்பது கட்டில். அவர் மனக்கணக்கில் அது ஓடியிருக்கும். ஆறு குழந்தைகளுக்கு மட்டும் எடுக்கலாம், எந்த ஆறு என்று நீங்கள் குறித்துக் கொடுங்கள் என்பார். அந்த ஆறு பேர் பட்டியல்தான் உண்மையில் நடக்கும் சிகிச்சை.

இனி அந்தச் சிரிப்பு. உங்களுக்கு அழுவதற்குப் போக ஓர் அறை இருந்தது. அவருக்கு இல்லை. குழந்தையின் உடம்பைத் துடைத்து, துணி சுற்றி, தாயின் கையில் கொடுத்தது யார்? நீங்கள் அறையில் இருந்த நேரத்தில் அவராகத்தான் இருந்திருக்கும். அதை முடித்துவிட்டு மிச்சமிருக்கும் கட்டில்களைப் பார்க்க வேண்டிய ஒருவர், யாரோடாவது இரண்டு நிமிடம் சிரித்தால்தான் அடுத்த மணி நேரத்தை ஓட்ட முடியும். நம் ஐ.சி.யூ.க்களில் விடியற்காலை நான்கு மணிக்கு நாம் சிரித்ததே இல்லையா? கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த உறவினர்கள் அதைக் கேட்டிருந்தால் நம்மைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள்? அவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது 'ஏன் சிரித்தீர்கள்' என்பதல்ல. இப்படி ஓர் இரவுக்குப் பிறகு வீட்டுக்குப் போய் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். உங்களுக்கும் அந்தப் பதில் தேவைப்படும்.

கான்சன்ட்ரேட்டருக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் குற்ற உணர்ச்சி அங்கேதான் சிக்கியிருக்கிறது. 'வேலை செய்கிற' கான்சன்ட்ரேட்டர் ஒன்று என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் வேலை செய்யாதவை எங்கே? நான் போன பல இடங்களில் அவை ஸ்டோர் ரூமில் பழைய பெட்ஷீட் போர்த்திக் கிடக்கும். ஒரு நாள் பகலில், மருத்துவமனையின் டெக்னீஷியனையும் அழைத்துக்கொண்டு, அந்தப் போர்வையை விலக்கிப் பாருங்கள். பின்பக்க மூடியில் இருக்கும் பஞ்சு வடிகட்டியைக் கழற்றினால் தூசி பாய்போல் திரண்டு வரும். சோப்புத் தண்ணீரில் அலசி நன்றாகக் காயவைத்து மாட்டினாலே சில இயந்திரங்கள் உயிர் பெற்றுவிடும். எல்லாம் பெறாது. வெளியே வரும் வாயுவில் ஆக்சிஜன் 82 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் உள்ளே காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் சல்லடைப் பொருள் கெட்டுவிட்டது என்று அர்த்தம், அதற்கு உதிரிப் பாகம் வேண்டும். அளந்து பார்க்கும் கருவி இல்லாமல் 'ஓடுகிறதே' என்று நம்பிக் குழந்தைக்கு மாட்டாதீர்கள், இயந்திரம் சத்தம் போட்டுக்கொண்டு வெறும் காற்றைத் தள்ளும்.

இன்னொன்று, பிரிப்பான். 5 லிட்டர் கான்சன்ட்ரேட்டர் ஒன்றில் தனித்தனி ஃப்ளோமீட்டர்கள் (வாயு போகும் அளவைக் காட்டும் மானிகள்) உள்ள பிரிப்பானை மாட்டினால் இரண்டு மூன்று குழந்தைகளுக்குப் பங்கிடலாம். கைக்குழந்தைக்குப் பெரும்பாலும் நிமிடத்துக்கு 1 முதல் 2 லிட்டர் போதும். அன்று இரவு அங்கே அது இல்லை, அதனால் உங்களுக்கு அந்த வழி இல்லை. உங்களைக் குத்திக்காட்டுவதற்காக இதை எழுதவில்லை. இருளில் ஒற்றை ஆளாக ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலைமையை உண்டாக்கியது நீங்கள் அல்ல, அது பல வருடமாக அங்கே இருந்தது. அடுத்த முறை அப்படி ஆகாமல் செய்ய உங்களால் கொஞ்சம் முடியும். பிரிப்பானுக்கு மனு எழுதுங்கள். அதோடு, பகல் வெளிச்சத்தில் உள்ளூர் மருத்துவர், மூத்த நர்ஸ், நீங்கள் மூவரும் உட்கார்ந்து, ஆக்சிஜன் போதாத இரவில் யாருக்கு முதலில் என்று ஒரு பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் 90க்குக் கீழே இருப்பவர், பால் குடிக்க முடியாதவர், நினைவு மங்கியவர், இப்படி. அந்தத் தாள் இருந்தாலும் குழந்தைகள் இறப்பார்கள். ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு முடிவெடுப்பது நீங்கள் மட்டும் அல்ல என்று ஆகிவிடும். தனியாக எடுத்த முடிவுதான் பின்னால் கனவில் வரும்.

'யாருக்கு என்ன பயன்' என்று கேட்டிருந்தீர்கள். 1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் போங்காவுன் எல்லையோர அகதி முகாமில் காலரா பரவியபோது திலீப் மகலனாபிஸ் என்ற குழந்தைகள் நல மருத்துவர் அங்கே இருந்தார். படுக்கைகள் நிறைந்து தரையெல்லாம் நோயாளிகள். சலைன் பாட்டில் தீர்ந்துகொண்டிருந்தது, ஏற்றுவதற்குப் பயிற்சி பெற்ற கைகளும் போதவில்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு குளுக்கோஸ் 22 கிராம், சாப்பாட்டு உப்பு 3.5 கிராம், சோடா உப்பு 2.5 கிராம் என்று பொட்டலம் கட்ட வைத்தார். முகாமில் பீப்பாய்களில் அதைக் கரைத்து, நோயாளிகளின் தாய், தந்தை, அண்ணன், தங்கை கையில் குவளையைக் கொடுத்துக் குடிக்க வைக்கச் சொன்னார். 100க்கு 30 என்ற அளவில் இருந்த இறப்பு, அவர் பொறுப்பில் இருந்தவர்களிடையே 4க்கும் கீழே வந்தது. வாய்வழியாகக் கொடுத்தால் போதும் என்று மருத்துவ உலகம் அன்று நம்பவில்லை. அவரிடம் நம்பிக்கையைவிட வேறு வழியில்லாமைதான் அதிகம் இருந்திருக்கும்.

இதை வீரக்கதையாகச் சொல்லவில்லை. அவர் கையில் எடுத்துக்கொண்ட வேலையைப் பாருங்கள். தன் கையால் இன்னும் நாலு பேருக்கு ஊசி குத்துவதை விட்டுவிட்டு, ஊசியே தேவைப்படாத ஒரு வேலையை வேறு ஆயிரம் கைகளுக்குக் கொடுத்தார். நீங்கள் ஒன்பது மாதத்தில் கிளம்பிவிடுவீர்கள். நீங்கள் மட்டும் செய்யக்கூடிய எதுவும் பத்தாவது மாதம் நின்றுபோகும். அதனால் எண்ணிக்கையை மாற்றிக்கொள்ளுங்கள். 'இன்று எத்தனை பேரைக் காப்பாற்றினேன்' என்று எண்ணினால் ஒன்பது மாதமும் தோற்றுக்கொண்டே இருப்பீர்கள். 'என்னைக் கேட்காமல் இன்று யார் எதைச் சரியாகச் செய்தார்' என்று எண்ணுங்கள். முதல் மூன்று மாதத்தில் அது ஒன்றோ இரண்டோ இருந்தாலே அதிகம். என் அனுபவத்தில் முதல் ஆறு வாரம் எதையும் மாற்றாமல் ரவுண்ட்ஸில் கூடவே நடந்து, மருந்து அலமாரியில் எது இருக்கிறது, எது மாதக் கடைசியில் தீர்கிறது என்று குறித்துக்கொள்பவர்கள்தான் பின்னால் ஏதாவது செய்கிறார்கள். வந்த மறுநாளே புரோட்டோகால் எழுதுபவர்களின் தாள்கள் அவர்கள் கிளம்பும் வண்டி கண்ணுக்கு மறைவதற்குள் அலமாரிக்குப் போய்விடும்.

உங்கள் மொழிபெயர்ப்பாளரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அன்று இரவு அந்தத் தாயிடம் குழந்தை இறந்ததைச் சொன்னது யார்? நீங்கள் சொன்னதாக நினைப்பீர்கள். ஆனால் தாய் கேட்டது அவர் குரலைத்தான். கெட்ட செய்தியை எல்லாம் தன் வாயால், தன் மொழியில், நாளை சந்தையில் எதிர்ப்படக்கூடிய ஒரு தாயிடம் சொல்ல வேண்டியவர் அவர். சொல்லப்போவது என்ன என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முடிந்ததும் ஐந்து நிமிடம் அவரோடு உட்காருங்கள். பேசும்போது தாயின் முகத்தைப் பாருங்கள், அவர் முகத்தை அல்ல. ஒரு நேரத்தில் ஒரு வாக்கியம். புரிந்ததா என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். மருந்தை எப்படிக் கொடுப்பீர்கள் என்று தாயையே திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். நீங்களும் இருபது வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள்: எங்கே வலி, எத்தனை நாளாக, மூச்சை இழு, குடித்தானா, பெயர் என்ன. உங்கள் உச்சரிப்பைக் கேட்டு வார்டே சிரிக்கும். பரவாயில்லை, சிரிக்கட்டும்.

தங்கும் வீட்டைப் பற்றிக் கொஞ்சம். வார்டில் பார்த்த அதே நாலு முகங்களை இரவு உணவிலும் பார்ப்பது லேசான காரியமில்லை. கழுவாத ஒரு குவளைக்காக நல்ல மருத்துவர்கள் இரண்டு பேர் ஒரு மாதம் பேசாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருக்க ஒரு மணி நேரம் வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டு வாங்குங்கள். அமைப்பு தரும் இடைக்கால விடுப்பை 'வார்டில் ஆள் இல்லை' என்று தள்ளிப்போடாதீர்கள். வார்டில் எப்போதுமே ஆள் இருக்காது. வீட்டோடு பேச வாரத்தில் இரண்டு நாள், குறித்த நேரம் போதும். டியூட்டி முடிந்து அழுகை தொண்டையில் நிற்கும்போது போன் போட்டால், அவர்களுக்கு அந்தக் கணம் மட்டும்தான் தெரியும், அதை வைத்துத்தான் 'வந்துவிடு' என்பார்கள். அவர்கள் பயப்படுகிறார்கள், அவ்வளவுதான். பேச்சைத் தொடங்கும்போதே "வழி எதுவும் சொல்ல வேண்டாம், கேட்டுக்கொண்டால் போதும்" என்று சொல்லிவிடுங்கள்.

உடம்பு விஷயத்தில் இரண்டு மட்டும் சொல்கிறேன். ஊசி குத்திவிட்டால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது, சாவி யாரிடம் என்று இன்றே பாருங்கள். 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் போட வேண்டும். அப்புறம் சாலை. வெளிநாட்டுக்குப் போகிறவர்களை விசித்திர நோய்களைவிட அதிகம் கொல்வது சாலை விபத்துதான். இரவுப் பயணம் வேண்டாம், பெல்ட் இல்லாத வண்டியில் ஏற வேண்டாம், யார் எவ்வளவு அவசரம் என்றாலும்.

எப்போது உண்மையிலேயே திரும்ப வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை மாற்றி மூன்று நான்கு வாரமாகியும் தூக்கம் வராவிட்டால், தூங்குவதற்காகக் குடிக்கத் தொடங்கினால், மருந்தின் அளவில் தவறு செய்து அது உங்களைப் பதறவைக்காமல் போனால், அழுகிற தாயைப் பார்த்து எரிச்சல் மட்டுமே வந்தால், திரும்ப வேண்டியதுதான். உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றைக்கே ஒருங்கிணைப்பாளரிடம் சொல்ல வேண்டும், காத்திருக்கக் கூடாது. எல்லைகளற்ற மருத்துவர்கள், செஞ்சிலுவைச் சங்கம் போன்ற பெரிய அமைப்புகள் தங்கள் பணியாளர்களுக்கென்றே மனநல ஆலோசகர்களை வைத்திருக்கின்றன. உங்கள் அமைப்பிலும் யார் என்று கேளுங்கள். நான் மனநல மருத்துவர் அல்ல. இந்த எல்லையைத் தாண்டிய விஷயங்களை இப்படிக் கடிதத்தில் தீர்க்க முயலவும் மாட்டேன்.

இதெல்லாம் இல்லையென்றால், பன்னிரண்டாவது வாரத்தில் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவரை 'திரும்பலாமா' என்ற கேள்வியைத் தினமும் கேட்டுக்கொள்ள வேண்டாம், அதற்கு ஒரு நாள் வைத்தாயிற்று. அந்த நாளிலும் திரும்பத் தோன்றினால் திரும்புங்கள், யாரும் எதுவும் சொல்ல முடியாது. ஒரு மாதம் முன்னதாகத் தெரிவித்துவிடுங்கள், உங்கள் இடத்துக்கு வேறு ஒருவர் வர வேண்டும். வருகிறவருக்கு இரண்டு பக்கம் எழுதி வையுங்கள்: எந்த இயந்திரம் ஓடும், எந்த மருந்து எப்போது தீரும், இரவில் யாரைக் கேட்க வேண்டும். கடைசி வரியில் பெயர் எழுத வேண்டியிருக்கும், கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.